புதிய உயிர்வேலியும் இளமரங்களும் மானுக்குத் தப்பிய விதம்: இரண்டாண்டுப் பணிக்குறிப்பு

நிலத்தின் ஒரு பக்க எல்லை முழுவதும், 48 மீட்டர் நீளத்துக்கு, உயிர்வேலி அமைக்க வேண்டும் என்பதும், அதன் உட்புறத்தில் நிழல்மரங்களும் பழமரங்களுமாக 36 கன்றுகளை வளர்த்தெடுக்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் எண்ணம். எல்லைக்கு அப்பால் புதர்க்காடு. அங்கே புள்ளிமான்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கன்று வேர் பிடித்த பிறகு காப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்துவிட்டேன். இந்தப் பணியில் நான் செய்த பெரிய தவறு அதுதான். பின்னர் செய்த வேலைகளில் பாதி அந்தத் தவறைச் சரிசெய்வதற்காகவே செய்தவை.

உயிர்வேலிக்கு முள்ளினக் கன்றுகளையும் செம்பருத்தியையும் கலந்து, இரண்டு வரிசையாக நட்டேன். வரிசைகளுக்கு இடையே 45 சென்டிமீட்டர், வரிசைக்குள் கன்றுக்குக் கன்று 45 சென்டிமீட்டர். ஒரு வரிசையின் கன்று மற்ற வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு மாற்றி மாற்றி வைத்ததில், மொத்தம் ஏறத்தாழ 210 கன்றுகள் ஆயின. பருவமழையின் முதல் இரண்டு மழைகள் மண்ணை நனைத்த பிறகு நட்டதால் கன்றுகள் வாடவே இல்லை. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, காட்டை ஒட்டிய வெளிவரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட கன்றுகளின் நுனி இல்லை. ஏழு கன்றுகள் வேரோடு பிடுங்கப்பட்டு, மண்கட்டி சிதறிய நிலையில் பக்கத்தில் கிடந்தன.

முதலில் முயல் என்றே நினைத்தேன். அருகில் அமர்ந்து ஒவ்வொரு காயமாகப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் இருப்பதால், அது கடித்த குச்சி கத்தியால் சாய்வாக நறுக்கியதுபோல் துப்புரவாக இருக்கும். அது எட்டும் உயரமும் அரை மீட்டரை ஒட்டியே இருக்கும். மானுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டியான ஈறுக்கும் இடையில் தளிரைப் பற்றி, தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துத்தான் அது பிய்க்கும். அதனால் முறிந்த முனை நார்நாராகத் தொங்கும். புதிதாக நட்டு வேர் பிடிக்காத கன்றானால், பிய்க்கும் அந்த இழுப்பிலேயே கன்று முழுவதும் மண்ணை விட்டு வந்துவிடும். பிடுங்கிக் கிடந்த ஏழு கன்றுகளும் அப்படி வந்தவையே. ஆனால் ஆட்டின் பல்லமைப்பும் இதேதான். இரட்டைக் குளம்பின் தடமும் புழுக்கையும்கூட ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே காயத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், மறுநாள் விடியலுக்கு முன்பே போய்த் தொலைவில் அமர்ந்திருந்தேன். வெளிச்சம் பரவத் தொடங்கிய நேரத்தில் பெண்மான்கள் நான்கும் குட்டி ஒன்றும் வரிசையின் ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு கன்றிலும் ஒரு வாய் கடித்துக்கொண்டு போயின.

காட்டில் இத்தனை தழை இருக்க என் கன்றுகளைத் தேடி வருவானேன் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. நாற்றங்காலில் உரமும் தண்ணீரும் தாராளமாகப் பெற்று வளர்ந்த கன்றின் தளிர் மென்மையானது, சத்து மிகுந்தது. காட்டுச்செடியின் தழையில் உள்ள துவர்ப்பும் நாரும் அதில் குறைவு. முள்ளினம் என்பதால் தப்பிவிடும் என்று நான் நம்பியதும் பிழையே. முள் முற்றிக் கெட்டியாகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அதுவும் தளிரின் பகுதிதான்.

அன்று மாலையே, பிடுங்கப்பட்டவற்றில் வேர் காயாத ஐந்தைத் திரும்ப நட்டு, ஒவ்வொரு கன்றின் அடியையும் குதிகாலால் நன்றாக மிதித்து இறுக்கினேன். இரு விரலால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் கன்று அசையக் கூடாது. அந்த அளவுக்கு மண் இறுகியிருக்க வேண்டும். அழுகிய முட்டையை நீரில் கரைத்து வடிகட்டி, ஒட்டிக்கொள்வதற்காகச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, எல்லாக் கன்றுகளின் மேலும் தெளித்தேன். மானுக்கு மூக்குத்தான் முதல் காவலாளி. அழுகும் புரதத்திலிருந்து எழும் கந்தக நாற்றம் ஊனுண்ணிகளை நினைவூட்டுவதால் மான் ஒதுங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கடைகளில் விற்கும் மான் விரட்டி மருந்துகள் பலவற்றிலும் முட்டைப் பொருளே சேர்க்கப்படுகிறது. முதல் மூன்று வாரங்கள் கடி ஏறக்குறைய நின்றது. பின்னர் தொடர்ந்து பெய்த மழையில் கரைசல் கழுவப்பட்டது. அதைவிட முக்கியமாக, தெளித்த பிறகு துளிர்த்த புதிய தளிர்களில் மருந்தே இல்லை. மான் தேடுவதோ அந்தப் புதிய தளிரைத்தான். வளரும் பருவத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தெளிக்க முடிந்தவருக்கு இது கைகொடுக்கும். நிலையான காப்பு அமைக்கும் வரை நாள் கடத்துவதற்கு எனக்கும் உதவியது. மினுங்கும் தாள்களைக் கட்டித் தொங்கவிட்டது நான்கைந்து இரவுகளுக்கு மேல் பயன்படவில்லை. தலைமுடியும் வாசனைச் சோப்பும் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் வலைச்சுருள் ஒன்றை வாங்கி, குச்சிகளை ஊன்றி, 1.2 மீட்டர் உயரத்துக்குத் தொய்வாகக் கட்டினேன். ஒன்பதாம் நாள் இரவில் ஓர் ஆண்மான் அதில் கொம்பு சிக்கி, 10 மீட்டருக்கும் மேலான வலையைக் குச்சிகளோடு பிய்த்து இழுத்துச் சென்றிருந்தது. தடத்தைத் தொடர்ந்து போய்ப் புதரில் சிக்கிக் கிடந்த வலையைக் கண்டெடுத்தேன். மான் எப்படியோ தன்னை விடுவித்துக்கொண்டு போயிருந்தது. கழுத்தில் வலை சுற்றியிருந்தால் அது அங்கேயே துடித்து இறந்திருக்கும். அன்றே மீதி வலை முழுவதையும் கழற்றிச் சுருட்டினேன். தொய்வான வலையைக் காட்டுவிலங்கு நடமாடும் இடத்தில் கட்டக் கூடாது என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை. வலை விறைப்பான கம்பியாக இருக்க வேண்டும். முறுக்காக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். விலங்கின் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

மரக்கன்றுகளுக்கு வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பி வலையில் கூண்டுகள் செய்தேன். முதல் முறை செய்த கூண்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர், உயரம் 1.2 மீட்டர், கண்ணளவு 10 சென்டிமீட்டர். கூண்டுக்கு ஒரு முளை மட்டும் அடித்தேன். கம்பியை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் எடுத்த இந்த அளவுகள் எல்லாமே தவறாக அமைந்தன. கண் பெரிதாக இருந்ததால் மான் மூக்கையே உள்ளே நுழைத்துத் தழையைப் பற்றியது. கூண்டு ஒடுக்கமாக இருந்ததால், வளர்ந்த கிளைகள் ஒரு மாதத்துக்குள் கண்களின் வழியே வெளியே நீண்டு, தாமாகவே மானின் வாய்க்கு எட்டின. ஒற்றை முளை இருந்ததால், மான் மார்பை வைத்துச் சாய்த்தபோது கூண்டு கன்றோடு சேர்ந்து வளைந்தது. உயரம் போதாததால், மேலிருந்து கழுத்தை வளைத்து நுனிக்குருத்தைத் தின்றன.

நுனிக்குருத்து போவது மரக்கன்றுக்குப் பெரிய இழப்பு. உயிர்வேலிச் செடியின் நுனி கடிபட்டால் பக்கக்கிளைகள் வெடித்து அடர்த்தி கூடும், அது கவாத்து செய்ததற்குச் சமம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேரூன்றிய செடிக்கு அது ஓரளவு பொருந்தும். முதலாண்டுக் கன்றுக்குப் பொருந்தாது, ஏனெனில் மீண்டும் மீண்டும் துளிர்ப்பதற்கான சேமிப்பு அதன் வேரில் இன்னும் சேர்ந்திருக்காது. மரமோ நுனியை இழந்ததும் இரண்டு மூன்று கிளைகளைப் போட்டியாக மேலே அனுப்புகிறது. அப்படியே விட்டால் கவையாகப் பிரிந்து, பிற்காலத்தில் காற்றில் பிளக்கும் மரமாகிறது. கடிபட்ட பதினொரு மரக்கன்றுகளிலும், புதிய தளிர்கள் ஒரு சாண் நீளம் வரும்வரை காத்திருந்து, நேராக நிற்கும் வலுவான ஒன்றை மட்டும் நிறுத்தி, போட்டிக் கிளைகளை வெட்டிவிட்டேன். அந்த ஒன்றை நேராக நிமிர்த்த மெல்லிய மூங்கில் சிம்பு ஒன்றைச் சேர்த்து, எட்டு வடிவில் துணிநாடாவால் தளர்வாகக் கட்டினேன். ஒன்பது கன்றுகள் நேராக நிமிர்ந்துவிட்டன.

இரண்டாம் முறை கூண்டு செய்தபோது, கம்பியின் விலையை ஒதுக்கிவிட்டு, மானின் வாய் எங்கெங்கே எட்டும் என்பதிலிருந்து அளவை எடுத்தேன். புள்ளிமானின் தோள் உயரம் 90 சென்டிமீட்டரை ஒட்டியது. கழுத்தை நீட்டினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள தழையை எட்டும். ஆண்மான்கள் பின்னங்கால்களில் எழுந்து நின்று இன்னும் மேலே உள்ளதையும் இழுக்கும். ஆகவே உயரம் 1.8 மீட்டர், கண்ணளவு 5 சென்டிமீட்டர், விட்டம் 75 சென்டிமீட்டர் என்று வைத்தேன். இந்த விட்டத்துக்குச் சுற்றளவு 2.36 மீட்டர், ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியையும் சேர்த்து இரண்டரை மீட்டராக வெட்டினால், 15 மீட்டர் சுருளில் மிச்சமின்றி ஆறு கூண்டுகள் வரும். 36 கன்றுகளுக்கு ஆறு சுருள்கள் சரியாக இருந்தன. ரோ மான் போன்ற சிறு வகைகள் மட்டும் உள்ள இடத்தில் 1.2 மீட்டர் உயரமே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. கடமான், சிவப்பு மான் போன்ற பெரிய உடல்வாகு உள்ளவை வரும் இடத்தில் 1.8 மீட்டருக்குக் குறையவே கூடாது. எந்த மான் வருகிறது என்று தெரியாமல் கம்பி வாங்குவது வீண்செலவு.

கம்பியை வெட்டும்போது, ஒரு பக்கத்தின் குறுக்குக்கம்பிகளை நீட்டிவிட்டு வெட்ட வேண்டும். அந்த நீண்ட முனைகளைக் குறடால் கொக்கியாக வளைத்து மறுபக்கத்தில் மாட்டினால், கட்டுக்கம்பி இல்லாமலே கூண்டு மூடிக்கொள்ளும். களையெடுக்க நான்கைந்து கொக்கிகளைக் கழற்றினால் போதும். முதல் கூண்டுகளைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் அவிழ்க்கச் சலித்து, களையெடுப்பைத் தள்ளிப்போட்டேன். மானுக்குத் தப்பிய மூன்று கன்றுகள் கூண்டுக்குள் ஆளுயரம் வளர்ந்த புல்லுக்குள் நீரின்றி வாடிப் பட்டுப்போயின. இப்போது ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாமல் வைத்து, காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்புகிறேன். சருகு தண்டைத் தொடாதபடி ஒரு கையகலம் விட்டுவிடுகிறேன்.

கூண்டுக்கு மூன்று முளைகள். கடப்பாரையால் குழி போட்டு ஒவ்வொன்றையும் அரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கினேன். முளைகளைக் கூண்டுக்கு உள்பக்கமாக நிறுத்திக் கம்பியை வெளியே கட்டினால், மான் சாயும்போது கம்பி முளையின்மேல் அழுந்தும், கட்டு அவிழாது. வெட்டிய கம்பி முனைகள் எதுவும் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; கண்ணையோ கன்றையோ அவை கிழித்துவிடும்.

மிகச் சிறிய எட்டுக் கன்றுகளுக்குக் கூண்டுக்குப் பதிலாக 1.2 மீட்டர் உயரப் பிளாஸ்டிக் குழாய்களை மாட்டிப் பார்த்தேன். குழாய்க்குள் கன்று வேகமாக உயர்ந்தது உண்மை. ஆனால் காற்றில் ஆடாமல் வளர்ந்த தண்டு மெலிந்திருந்தது; குழாயை எடுத்ததும் இரண்டு கன்றுகள் தலை சாய்ந்து தரையைத் தொட்டன. கடும் வெயிலில் உள்ளே வெப்பம் தேங்குகிறது. ஒரு குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. மேலும், குழாயின் வாய்க்கு மேலே எட்டிப் பார்க்கும் முதல் தளிர் மானின் வாய்க்கு நேராகவே நிற்கிறது. கன்றுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் பெருநடவில் செலவைக் கருதி இதைத் தேர்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது. சில பத்து மரங்களுக்கு நான் கூண்டையே சொல்வேன்.

உயிர்வேலியின் கணக்கு வேறு. 210 கன்றுகளுக்கும் தனித்தனிக் கூண்டு நடவாது. தனி வேலி ஒன்றை எழுப்பி மானைத் தடுப்பதானால் அது 2.4 மீட்டர் உயரம் வரை போக வேண்டியிருக்கும், ஏனெனில் துரத்தப்பட்ட மான் 2 மீட்டர் வேலியைத் தாண்டிவிடக்கூடியது. ஆனால் மான் ஒரு தடையைத் தாண்டுவதற்கு முன் காலூன்ற இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. குறுகிய இடத்துக்குள் குதிக்கத் தயங்குகிறது. இந்த ஒரு குணத்தை நம்பி, வரிசையின் இரு பக்கமும் 1.5 மீட்டர் உயரக் கம்பி வலையை 1.2 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, நடுவில் கன்றுகள் இருக்குமாறு நீண்ட கூடமாக அமைத்தேன். இரு பக்கமும் இரு முனைகளும் சேர்ந்து 98 மீட்டருக்குச் சற்று மேல். 15 மீட்டர்ச் சுருள் ஏழு வாங்கினேன். மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு 17 ஆங்கிள் இரும்புக் கம்பங்கள், மொத்தம் 34. நான்கு மூலைக் கம்பங்களுக்கும் சாய்வுத் தாங்கு கொடுத்த பிறகே வலையை இழுத்தேன். தாங்கு இல்லாமல் இழுத்தால் மூலைக் கம்பம் உள்நோக்கிச் சாய்ந்து, வேலி முழுவதும் தொய்ந்துபோகும்.

மான் தாண்டும் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. இடம் கிடைத்தால் அது தாண்டுவதைவிடக் கீழே நுழைவதையே விரும்புகிறது. கூடம் அமைத்த இரண்டாம் வாரத்தில், மழைநீர் அரித்துவிட்ட ஒரு பள்ளத்தின் வழியே, வலைக்கடியில் ஒரு முழத்துக்கும் குறைவான சந்தில், ஒரு குட்டி உள்ளே போய்விட்டது. தாய் வெளியே நிற்க, அது உள்ளே முன்னும் பின்னும் ஓடி வலையில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு முனையின் வலையைக் கழற்றித் திறந்துவிட்டுத் தொலைவுக்குப் போய் நின்றேன். சிறிது நேரத்தில் வெளியேறியது. அன்று பிற்பகலே, வலையின் அடிவிளிம்பு நெடுகிலும் மீட்டருக்கு ஒன்றாகக் கொக்கி முளை அடித்துத் தரையோடு பதித்தேன்; பள்ளங்களில் கல் அடுக்கினேன். வலை இருட்டில் தெரிவதற்காக, தலை உயரத்தில் வெள்ளைத் துணிப் பட்டைகளை இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கட்டினேன். அதன் பிறகு மோதிய தடம் எதையும் காணவில்லை.

மின்வேலி வைக்கலாமே என்று கேட்டவர்கள் பலர். குறுகிய துடிப்புகளாக மின்னழுத்தத்தை அனுப்பும், அதற்கெனவே செய்யப்பட்ட கருவியைக் கொண்டு, முறைப்படி அமைத்த வேலி அதிர்ச்சி தரும், கொல்லாது. ஆனால் அதன் கம்பிகளைப் புல் தொடாமல் நாள்தோறும் பராமரிக்க வேண்டும். என்னால் அது இயலாது என்பதால் தவிர்த்தேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவதோ கொலைக்கு ஒப்பானது. மானும் யானையும் மட்டுமல்ல, வேலியைத் தெரியாமல் தொட்ட மனிதர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள். அதை ஒரு வழிமுறையாகப் பேசுவதற்கே நான் உடன்படமாட்டேன்.

இரண்டாம் ஆண்டில், கடியைவிட மோசமான சேதம் ஒன்று வந்தது. நன்றாக உயர்ந்துவிட்டன என்று நான்கு மரங்களின் கூண்டை முன்கூட்டியே எடுத்திருந்தேன். கட்டைவிரல் பருமனை எட்டிய வழவழப்பான தண்டுகள் அவை. ஒரே வாரத்தில் இரண்டின் பட்டை, முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை, கொம்பால் உரசிக் கிழிக்கப்பட்டிருந்தது. கொம்பின்மேல் உள்ள மெல்லிய தோலை உரித்துக்கொள்ளவும், தன் மணத்தைப் பதித்து மற்ற ஆண்மான்களுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கவும் ஆண்மான் இப்படி உரசுகிறது. வளைந்து கொடுக்கும் இளந்தண்டுகளே அதற்கு ஏற்றவை. குளிர்நாட்டு மான்கள் பலவற்றுக்கும் கோடை முடிவும் இலையுதிர் பருவமும் இதற்கான காலம். புள்ளிமானில் முற்றிய கொம்புள்ள ஆண்மானை ஆண்டின் எந்த மாதத்திலும் காணலாம் என்பதால், கூண்டை எடுக்கப் பாதுகாப்பான பருவம் என்று ஒன்று எனக்கு இல்லை. இலையில் உருவாகும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. ஒரு மரத்தில் பட்டை முழு வட்டமாக உரிந்துபோனதால் வேர் பட்டினி கிடந்து, அடுத்த கோடையில் மரம் பட்டுவிட்டது. மற்றதில் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை எஞ்சியிருந்தது. தொங்கிய நார்களைக் கூரிய கத்தியால் ஒழுங்காக நறுக்கிவிட்டு, தாரோ வண்ணமோ எதுவும் பூசாமல் திறந்தே விட்டேன். பூச்சுகள் ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்கு இடம் தரும். மரம் தானே விளிம்பிலிருந்து புதிய திசுவை வளர்த்துக் காயத்தை மூடுகிறது. இப்போது காயத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்காகக் குறுகியிருக்கிறது.

இதற்குப் பிறகு கூண்டை எடுப்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவு மரத்தின் உயரம் அன்று. முதல் கிளைகள் மானுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்க வேண்டும், தண்டு 10 சென்டிமீட்டர் பருமனை எட்டியிருக்க வேண்டும், அடிப்பட்டை சொரசொரப்பாகத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றும் கூடிவரும் வரை கூண்டு நிற்கும். அதே வேளையில், மறந்துபோய் விட்டுவிடவும் கூடாது. தண்டை உரசும் கம்பி சில ஆண்டுகளில் பட்டைக்குள் புதைந்துவிடும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கூண்டுகளையும் சுற்றிவந்து, கிளை சிக்கிய இடத்தை உள்ளே தள்ளி, கட்டுநாடாவைத் தளர்த்தி, சாய்ந்த முளையைத் திரும்ப அடிக்கிறேன். சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகிறது.

இன்றைய நிலையில் மரக்கன்றுகளில் 36-க்கு 31 நிற்கின்றன. உயிர்வேலியில் 14 இடங்கள் வெற்றிடம். மீதி இடுப்பு உயரத்தைக் கடந்து, வெளிவரிசையும் உள்வரிசையும் கிளை கோத்திருக்கின்றன. கூடத்தின் வெளிப்பக்க வலைக்கு அப்பால் நீண்ட தளிர்களை மான்கள் வலையின் மட்டத்துக்கு ஒழுங்காக மேய்ந்துவிட்டுப் போகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை, வலைக்கு உள்ளே இருப்பதே என் கணக்கு. அடுத்த மழைக்கு முன் வெற்றிடங்களை நிரப்பக் கன்றுகள் தொட்டியில் தயாராக இருக்கின்றன. பட்டுப்போன ஐந்து மரங்களின் இடத்தில் கூண்டுகளையும் முளைகளையும் இந்த வாரமே நிறுத்திவிட்டேன்; கன்றுகள் அவற்றுக்குள் பிறகு வந்து சேரும்.